உறைவிடப் பள்ளியும் உறவறுத்தலும்: ஒரு மறுப்பு

சென்ற மார்கழித் திருவாதிரையை யொட்டி, மரக்காணத்தை யடுத்த உப்பளத்தூர் ஒன்றிற் கூடிய சைவ அன்பர் கூட்டத்திலே, கல்வியும் கொடையும் ஒருங்குடைய அன்பரொருவர் சொற்பொழிவாற்றினார். அவர் பெயரை ஈண்டு எழுதுதல் வேண்டா. அவர்பால் எமக்குள்ள அன்பு குறைந்திலது. ஆயினும் அவர் கூறியவற்றுள் இரண்டு கூற்றுக்கள் எம்மை உறங்கவிடாமையின் இம்மறுப்பை எழுதத் துணிந்தேம்.

முதற் கூற்று இது: கனடா நாட்டிலே பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பறித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்த கொடுமை பாதிரிமார் தலைமேலது, அத்தகைய பழி நம் நாட்டிற்கு இல்லை. இரண்டாவது கூற்று இது: இக்கரையில் உப்பளத் தோரத்தும் கழுவெளிக் கரையிலும் வாழும் இருளர்தம் பிள்ளைகளை ஐந்து வயதிலேயே எடுத்துத் தொலைவிலுள்ள ஊரொன்றில் விடுதி கட்டி வைத்து, ஆண்டிற்கு இருமுறை யன்றிப் பெற்றோர் காணாவண்ணம் வளர்த்து, பழைய பேரை மாற்றி நல்ல சைவப் பேரிட்டு, மனிதராக்கல் வேண்டும், அதற்குப் பொருளுதவுக.

கூட்டத்தார் கைதட்டினர். தட்டும் சுற்றி வந்தது. ஒரு நாழிகைக்குமுன் எதனைப் பழித்தாரோ அதனையே ஒரு நாழிகைக்குப்பின் வேண்டுகின்றார் என்பது அவைக்கண் ஒருவர்க்கும் தோன்றிற்றில்லை. எமக்கும் தோன்றிற்றில்லை. யாமும் ஒரு தாளை இட்டேம். வீடு திரும்பும் வழியிற்றான், உப்புப் பாத்திகளின்மேல் நிலவு காய்ந்து கிடந்ததைக் கண்டு நின்றபொழுது, முப்பதாண்டுகட்கு முற்பட்ட ஒரு நிகழ்ச்சி நினைவிற்கு வந்தது. அதனைப் பின்னர்க் கூறுதும்.

முதற்கண் கனடா நாட்டுச் செய்தியை உள்ளவாறு அறிதல் நன்று. ஆங்கு அரசினர் பொருள்கொடுத்துத் திருச்சபையார் பலர் நடத்திய இப்பள்ளிகள் நூறாண்டிற்கு மேல் நிலவின. ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள் அவற்றிற் புகுத்தப்பட்டனர். 1920ஆம் ஆண்டிற் சட்டத் திருத்தத்தால் அவை கட்டாயமாயின. பிள்ளைகளின் மயிர் களையப்பட்டது. தாய்மொழி பேசியவர் ஒறுக்கப்பட்டனர். பெயர் போய் எண்ணும் வந்தது. அரசினர் மருத்துவ அதிகாரியாகிய பீட்டர் பிரைசு என்பவர் 1907ஆம் ஆண்டிலேயே, இப்பள்ளிகளில் எலும்புருக்கி நோயால் மாளும் பிள்ளைகளின் தொகை பெரிதென்று அறிக்கை யெழுதினார். கேட்பாரில்லை. பின்னர் 1922ஆம் ஆண்டில் அதனைத் தாமே நூலாக அச்சிட்டு நாட்டார்க்கு அறிவித்தார். அப்பொழுதும் கேட்பாரில்லை. 2008ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைமை அமைச்சர் பாராளுமன்றத்தில் மன்னிப்பு வேண்டினார். உண்மையும் இணக்கமும் நாடிய ஆணையம் ஏழாண்டு சான்று கேட்டு, 2015ஆம் ஆண்டில், நடந்தது பண்பாட்டுப் படுகொலை யென்று தீர்ப்புரைத்து, 94 பரிந்துரைகளை வைத்தது. 2022ஆம் ஆண்டில் உரோமைப் பெருங்குருவும் ஆங்குச் சென்று மன்னிப்புக் கேட்டார்.

எம் தமையனார் பேத்தி அந்நாட்டு டொரண்டோ நகரில் வாழ்கின்றாள். செப்டம்பர்த் திங்கள் முப்பதாம் நாள் தன் பள்ளிக்குச் செம்மஞ்சள் நிறச் சட்டை யணிந்து செல்வாள். ஏனெனின், பிலிசு வெப்சுடாடு என்னும் பழங்குடிப் பெண்மணி ஆறு வயதிற் பள்ளி புகுந்த முதனாளில், பாட்டி வாங்கித் தந்த புதிய செம்மஞ்சட் சட்டையைக் களைந்து வாங்கிக்கொண்டனர். அது மீண்டு வரவேயில்லை. இஃது 1973ஆம் ஆண்டு நிகழ்ந்தது. இதனைப் பேத்தி தொலைபேசியிற் சொல்லக் கேட்டுக் கண்கலங்கினேம். கடலுக்கு அப்பாலுள்ள சட்டைக்குக் கண்கலங்குதல் எளிது.

இனி, நம் நாட்டிற்குப் பழியில்லை என்பாரை நோக்கிச் சில வினாக்கள்.

1871ஆம் ஆண்டிற் குற்றப் பரம்பரைச் சட்டம் என ஒன்று இயற்றப்பட்டதும், பிறப்பினாலேயே குற்றவாளி யென்று குடிகள் பலவற்றைப் பதிவு செய்ததும் அன்பர் அறியாரோ? அச்சட்டம் முதலில் வடநாட்டளவில் நின்று, 1911ஆம் ஆண்டிற் புதுக்கப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. நம் மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்பர். பத்து விரலும் மையில் தோய்த்து வைக்க வேண்டியதாயிருந்தமையின். இரவில் ஊர் விட்டுச் செல்வார்க்கு இராத்திரிச் சீட்டு. இவையெல்லாம் பலரும் அறிந்தன. பலரும் அறியாதது யாதெனின், அச்சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது. ஆறு வயதிற்கு மேற்பட்டுப் பதினெட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளைக் குடியிருப்பிலுள்ள தாய்தந்தையரிடமிருந்து பிரித்து எடுத்துக் கைத்தொழிற் பள்ளியிலோ உழவுப் பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ வைக்க அரசினர்க்கு அவ்விதி அதிகாரம் தந்தது. பிள்ளை குற்றஞ் செய்தானா என்னும் ஆராய்ச்சி அதன்கண் இல்லை. அவன் இன்னார் வயிற்றிற் பிறந்தான் என்பதே குற்றம். கனடாவிற்கும் நமக்கும் வேற்றுமை யாது? சட்டப் புத்தகத்தின் அட்டை நிறந்தான் வேறு.

அக்காலத்துச் சென்னை மாகாணத்தின் தெலுங்கப் பகுதியில், பாபட்லாவை யடுத்து, எருகலக் குடியினர்க்கென ஸ்டூவர்ட்டுபுரம் என்னும் குடியிருப்பை இரட்சணிய சேனையார் நடத்தினர். அது பாதிரிமார் செயலே, மறுக்கின்றிலேம். ஆயின் அசீஸ்நகர் எங்கிருந்தது? மரக்காணம் எந்தப் பழைய மாவட்டத்தின் கண்ணதோ அந்தத் தென்னார்க்காட்டிலேயே இருந்தது. அதன்கண் அடைக்கப்பட்டோர் வேற்று நாட்டினரல்லர். அவரை ஓட்டிவந்த காவலர் அனைவரும் வெள்ளையருமல்லர். பேரேட்டில் பெயரெழுதிய கணக்கரும், இரவிற் பெயரழைத்த ஊர் மணியக்காரரும், தண்டனை விதித்த நடுவருட் பலரும் நெற்றியில் நீறு துலங்கிய நம்மவரே. இதனைச் சொல்லுதற்கு நா கூசுகின்றது. ஆயினும் பாதிரியார் என்னும் ஒரு சொல்லின் நிழலில் நாம் ஒதுங்கி நிற்றல் முறையன்று.

பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்மீது துப்பாக்கி சுடப்பட்டுப் பெண்ணொருத்தி உள்ளிட்டுப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டிற்றான் கனடாவிலும் பள்ளி கட்டாயமாயிற்று என்று மேலே குறித்தேம். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் 1947ஆம் ஆண்டில் நீங்கியது. அனந்தசயனம் ஐயங்கார் தலைமையில் ஆராய்ந்த குழுவின் அறிக்கைக்குப் பின்னர், 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் நாடு முழுதும் நீங்கியது. நீங்கியது என்றேம், அதற்காக வருந்தியவர் யாவர்? ஆங்கே ஏழாண்டு சான்று கேட்டனர். ஈங்கு ஏழு நாளேனும் கேட்டதுண்டோ? பிரிக்கப்பட்ட பிள்ளைகளை எந்த அவையேனும் அழைத்து, உனக்கு என் நேர்ந்தது என்று வினாயிற்றோ? அவர்கள் முதியராகி மாண்டொழிந்தனர்.

அற்றேல், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளால் அக்குடியினர் கல்வியிற் சிறந்திலரோ, அவற்றை வேறு துறையோடு இணைக்கலாமென்று 2024ஆம் ஆண்டில் ஒரு குழு பரிந்துரைத்தபொழுது அக்குடியினரே எதிர்த்திலரோ எனின், நல்ல வினா. எதிர்த்தது உண்மை. கல்வியாற் சிறந்ததும் உண்மை. ஆயின் அப்பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் நாட்டுப் புறங்களில் பெரும்பாலும் அவரவர் ஊரிலேயே நின்றன. பிள்ளை காலையிற் சென்று மாலையில் தாய் சோறிடும் அடுப்பங்கரைக்கு மீண்டான். கையில் விலங்காக இட்டதனை அம்மக்கள் தம் ஆற்றலாற் காப்பாக மாற்றிக்கொண்டனர். அது விலங்கு செய்த கொல்லனுக்குப் புகழாகாது.

இனி இரண்டாங் கூற்றை ஆராய்வாம். அதற்கு முன்னர்ச் சைவராகிய நமக்கு இவ்வகைப் பள்ளியின் இயல்பு புதிதன்று என்பதை நினைவூட்டுதும். யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்கப் பாதிரிமார் 1823ஆம் ஆண்டில் நிறுவிய உறைவிடக் கல்லூரியில், பிள்ளைகட்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்கள் சூட்டப்பட்டன. அதனாற்றான் விசுவநாதபிள்ளை என்னும் பேரறிஞர் கரல் விசுவநாதபிள்ளை என்றாயினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். இருவரும் பின்னர்ச் சைவத்திற்கு மீண்டனர். அக்கல்லூரி கற்பித்த கணிதமும் ஆங்கிலமும் நல்லன. பெற்றோர் விரும்பியே அனுப்பினர். கனடாவின் கொடுமையோடு அதனை ஒப்பிடல் தகாது. எனினும் நாவலர் பெருமான் யாது செய்தார்? சோற்றையும் புத்தகத்தையும் காட்டிப் பிள்ளையைத் தாய்தந்தையர் நெறியினின்றும் பிரித்தல் அறமன்று என்று முழங்கி, 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையில் தாமே ஒரு பாடசாலை கண்டார். அப்பாடசாலையின் பேரப்பிள்ளைகள் என்று தருக்கி நிற்கும் நாம், நமக்குச் செய்யப்பட்டபொழுது தீதென்றதனை இருளர்க்குச் செய்யும்பொழுது நன்றென்கின்றோம். நாவலர் பெருமான் எழுந்து வரின் எம்மவர் முகத்தில் விழிப்பாரோ?

அன்பர் சொல்லிய 'மனிதராக்குதல்' என்பதையே எடுத்துக்கொள்வாம். சித்தாந்தம் கற்ற ஒருவர் இச்சொல்லை வழங்கலாமோ? உயிர்களை மறைத்து நிற்பது ஆணவம். அது மயிரை மழித்தாற் போவதன்று; சீருடை யணிவித்தாற் போவதன்று. இருளர் பிள்ளைக்கு எவ்வளவு மலம், எமக்கு எவ்வளவு மலம் என்று அளந்த தராசு யாது? மெய்கண்டதேவர் திருவெண்ணெய்நல்லூரிலே இளம்பிள்ளையாய் அமர்ந்து உபதேசித்துக் கொண்டிருந்த காலை, சகலாகம பண்டிதர் என்னும் பெருமை சான்ற ஆசிரியர் வந்து நின்று, ஆணவமலத்தின் உரு யாது என்று வினாவ, அப்பிள்ளை வாய்திறவாது அவரையே அடிமுதல் முடிகாறும் நோக்கிற்று என்பது சைவ உலகம் அறிந்த வரலாறு. திருவெண்ணெய்நல்லூர் இன்று மரக்காணம் உள்ள விழுப்புரம் மாவட்டத்திலேயே உளது. கற்றவர் கல்லாதாரைத் திருத்தப் புறப்படும்பொழுதெல்லாம் அவ்வூர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தல் நலம்.

கண்ணப்பர் வரலாற்றிலும், வேடனை வேதியனாக்குக என்று இறைவர் சிவகோசரியாரை ஏவினாரல்லர். மறைந்து நின்று அவன் அன்பைக் காண்க என்றார். ஆண்டு மாணாக்கர் யார், ஆசிரியர் யார்? ஆண்டுதோறும் இதனைப் புராணப் பிரசங்கத்திற் கேட்டுக் கண்ணீர் உகுக்கின்றோம்; பந்தலுக்கு வெளியே நின்று கேட்கும் இருளர் கிழவியை உள்ளே வருக என்று அழைத்தவர் எத்துணையர்?

இக்கரை இருளர் ஒன்றும் அறியாதவரல்லர். தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஏறத்தாழ 1,90,000 இருளர் உளர். வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் எடுத்துத் தரும் நஞ்சினின்றே பாம்புக்கடிக்கு மருந்து செய்யப்படுகின்றது. அவருள் இருவர்க்கு 2023ஆம் ஆண்டிற் பத்மசிறீ விருதும் கிடைத்தது. அவ்விருவரும் அக்கலையை உறைவிடப் பள்ளியிற் கற்றாரோ, தந்தையின் பின்னே வரப்பில் நடந்து கற்றாரோ? கழுவெளி 2021ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயம் ஆயிற்று; 2024ஆம் ஆண்டில் உலகம் போற்றும் ஈரநிலப் பட்டியலிலும் ஏறிற்று. கடல்கடந்து வரும் பறவைக்குப் புகலிடம் எழுதிக்கொடுத்தாயிற்று, நல்லது. அதன் கரையிற் குடிசை யிட்டுக் கையால் இறால் தடவி உண்ணும் குடும்பங்களில் மனைப்பட்டா இல்லாதன பல. பிள்ளைக்குச் சாதிச் சான்று வேண்டிக் கோட்டாட்சியர் வாயிலில் ஒரு நாட் கூலியை இழந்து நிற்கும் தந்தையரை யாமே கண்டுளேம். சான்றில்லை யெனில் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லை யெனில் படிப்பு நின்றது. நின்றதும், இவர்கட்குப் படிப்பில் நாட்டமில்லை என்போம்.

இனி எம் குற்றத்தைச் சொல்லல் வேண்டும்.

யான் பன்னிரண்டு வயதில் ஒரு திருமடத்துப் பாடசாலை புக்கவன். ஆண்டும் உறைவிடந்தான். தலை மழித்தனர், விடியலில் எழுப்பினர், நிகண்டு தவறினால் அடியும் உண்டு. ஆகலின் உறைந்து கற்றலையே யான் பழிக்கின்றேனல்லேன். ஆனால் என்னை விடுத்தவர் என் தந்தையார். பொங்கற்கும் தீபாவளிக்கும் ஊர் சென்றேன். மாதத்திற் பாதி நாள் யாரேனும் ஓர் உறவினர் முறுக்குப் பொட்டலத்தோடு வாயிலில் நிற்பர். மடத்தார் கற்பித்ததும் எம் வீட்டார் தொழுததும் ஒன்றே. என் தாய் பேசிய தமிழை அவர்கள் நகைத்தாரல்லர். இதுவே வேறுபாடு. (எம் வகுப்பில் இருளர் பிள்ளை ஒருவனும் இருந்திலன். அஃது ஏனென்று கேட்க எனக்கு நாற்பதாண்டு ஆயிற்று.)

கல்வி முடித்து இக்கடற்கரையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியனாய் அமர்ந்த காலத்தில், ஆறாம் வகுப்பில் இருளர் சிறுவன் ஒருவன் வந்து சேர்ந்தான். அவன் தெருவிலிருந்து அவ்வகுப்பு எட்டிய முதற்பிள்ளை அவனே. அரைஞாணில் ஒரு வேர்த்துண்டு கட்டியிருந்தான். அவன் பெயரைக் கேட்டுப் பிள்ளைகள் நகைத்தனர், யானும் புன்னகைத்தேன். நல்ல தமிழ்ப் பெயரொன்று தருகின்றேன் என்று சொல்லி வருகைப் பதிவில் வேறு பெயரெழுதினேன். அவன் குடிக்குரிய சொல்லொன்று அவன் வாயில் வந்தபொழுது, அது தமிழன்று என்றேன். பின்னர் அவ்வேரை, மூடப் பழக்கம் என்றுரைத்து, வகுப்பார் முன்னிலையில் கத்திரியால் அறுத்து வெளியே எறிந்தேன். எனக்கு அன்று மனம் நிறைந்திருந்தது. ஒரு பிள்ளையைக் கரையேற்றினேன் என்று எண்ணினேன். அவன் அழவில்லை. அந்த வாரத்தோடு வருகையை நிறுத்திக்கொண்டான். அவர்கட்கு இவ்வளவுதான் என்று தலைமையாசிரியரிடம் சொன்னவனும் யானே.

பல்லாண்டு கழித்து, ஓய்வு பெற்றபின், உப்பளப் பாத்தியில் உப்பு வாரிக் குவித்து நின்ற ஒருவன் பலகையைக் கீழே வைத்து, "ஐயா" என்று கும்பிட்டான். எனக்கு அடையாளம் தெரியவில்லை. சொன்னபின் தெரிந்தது. குதிகாலெல்லாம் உப்பு அரித்து வெடித்திருந்தது. ஏன்டா நின்றுவிட்டாய் என்று, இன்னும் வாத்தியாராகவே, கேட்டேன். அவன் சற்று நேரம் தலை குனிந்திருந்து, "அந்த வேரு எங்க ஆயா கட்னது, ஐயா. பாம்பு அண்டாதுன்னு. அத்த அறுத்துட்டீங்கன்னு ஊட்ல எப்படிச் சொல்றது?" என்றான். வேறு குறையொன்றும் சொன்னானில்லை. கனடாவில் ஒரு பாட்டி வாங்கிய சட்டை. ஈங்கு ஒரு பாட்டி கட்டிய வேர். அச்சட்டையைக் களைந்த கை எவர் கையோ, அறியேன். வேரை அறுத்த கை இப்பொழுது இதனை எழுதுகின்றது.

ஆகலின் அன்பர்தம் விடுதித் திட்டத்தைக் கேட்டுக் கைதட்டும் உரிமை எமக்கில்லை.

அங்ஙனமாயின் பிள்ளைகளை உப்பளத்திலேயே விட்டுவிடுவதோ, பெற்றோர் செங்கற் சூளைக்கும் மரம் வெட்டவும் கரும்பு வெட்டவும் ஊரூராய்ச் செல்லுங்கால் பிள்ளைகளும் உடன் சென்று படிப்பிழத்தல் தகுமோ எனின், தகாது. அக்காலத்துத் தங்கிப் படிக்க இடம் வேண்டுமென்று அத்தாய்மாரே கேட்கின்றனர். கேட்பதைக் கொடுத்தல் வேறு. பறித்துக்கொண்டு கொடையென்றல் வேறு. அவர் கேட்பது தம் தெருவிற்கு அருகில் ஓரிடம். எந்நாளும் எந்நேரமும் தாய் வந்து பிள்ளையின் தலையைத் தடவிச் செல்லக்கூடிய ஓரிடம். அன்பர் தர விரும்புவது ஐம்பது கல் தொலைவில் மதிலும் வாயிற்காவலனும் உடைய ஒன்று. வட்டிக்கு முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு சூளைக்கு ஓட்டிச் செல்லும் கொடுமை 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தாற் குற்றமாயிற்று. அச்சட்டம் ஊரில் நடக்கும்படி பார்த்தால் பிள்ளையைப் பிரிக்கவேண்டிய காரணம் பாதி குறையும். ஆயின் அது செல்வர் சிலரை முகஞ்சுளிக்கச் செய்யும். விடுதிக்கோ அச்செல்வரே கல் நாட்டுவர்.

நடுவண் அரசினர் 1997-98 முதலாகப் பழங்குடிப் பிள்ளைகட்கு நடத்திவரும் உறைவிடப் பள்ளிகட்கு ஏகலைவன் பெயரை இட்டுள்ளனர். கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்ட ஆசிரியன் கதையை அறிந்துதான் இட்டனரோ, அறியாது இட்டனரோ! அப்பள்ளிகளில் நன்கு நடப்பனவும் பயின்றுயர்ந்த பிள்ளைகளும் உண்டு. பெயர் மட்டும் எம்மை உறுத்துகின்றது.

ஆகவே அன்பரை வேண்டிக்கொள்வன சில. ஐந்து வயதுப் பிள்ளையை எடுத்தல் கூடாது. பெற்றோர் வருகைக்கு நாள் குறித்தல் கூடாது. ஒரு பிள்ளையின் பெயரும் மாற்றப்படலாகாது. சமய தீக்கையில் நாமம் பெறுவோன் அறிந்து கேட்டுப் பெறுகின்றான், பதிவேட்டிற் பெயரிழப்போன் அவ்வாறல்லன். இருளர் பெரியோர் இருவரேனும் விடுதிச் சபையில் வாக்குரிமையோடு அமர்தல் வேண்டும். ஓரத்தில் பாய்போட்டு அன்று, நாற்காலியில். திருநீறு விரும்பும் பிள்ளைக்கு உண்டு. விரும்பாத பிள்ளைக்கும் சோறு அதே அளவினது. இவற்றிற்கு இசைவராயின் யாம் இட்ட தாள் அங்கேயே கிடக்க, மேலும் இடுவேம். இசையாராயின் அதனைத் திருப்பித் தருக.

மற்றும் ஒன்று. திட்டம் வகுத்த அன்பர் இதுகாறும் அவ்விருளர் தெருவிற்குட் சென்றதில்லை என்று கேள்வியுற்றேம். வருகின்ற ஞாயிற்றுக்கிழமை யாம் செல்கின்றேம். அவ்வேரை இழந்தவன் எம்மை வரச்சொல்லியுள்ளான். அவன் பாட்டி இப்பொழுதில்லை, தாயார் இருக்கின்றார். வெயில் ஏறினால் அவர்கள் பாத்திக்குச் சென்றுவிடுவர். ஆகலின் காலை ஆறு மணிக்குப் பூமீசுவரர் கோயில் வாயிலில் நிற்பேம். அன்பர் வருவாராயின் உடன் அழைத்துச் செல்வேம்.